ஸ்லை ஸ்டோன் மறைவு: ஜேம்ஸ் பிரௌனுக்குப் பிறகு அவர் புதிதாகக் கொண்டுவந்தது என்ன?

தாளப்பிரியன் கேட்டது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 'ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் தலைவர் ஸ்லை ஸ்டோன் 2025 ஜூன் 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தம்முடைய 82ஆம் வயதில் காலமானார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் வேறு சில உடல்நலக் கோளாறுகளும் சேர்ந்து அவரை வெகுகாலமாக வருத்தி வந்ததாகக் குடும்பத்தார் தெரிவித்திருக்கிறார்கள். செய்தி அறிந்ததிலிருந்து அவருடைய பாடல்களைத் தவிர வேறெதையும் கேட்க மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜூன் 11 அன்று, கலிஃபோர்னியாவின் இன்னொரு பெருங்கலைஞரான, 'பீச் பாய்ஸ்' குழுவின் பிரையன் வில்சனும் அதே வயதில் மறைந்தார். அதனால் இரங்கல் கட்டுரைகள் பலவற்றில் இருவரும் ஒரே மூச்சில் பேசப்பட்டார்கள். வில்சன் மீது எனக்கும் மிகுந்த மதிப்பு உண்டு; ஆனால் ஸ்லை என்ன செய்தார் என்பதை இசையின் வழியே நின்று நிதானமாக விளக்கிய ஒரு கட்டுரையாவது என் கண்ணில் படவில்லை.

என் கேள்வி இதுதான். தாளத்தையே மையமாகக் கொண்ட கறுப்பின அமெரிக்க இசையான ஃபங்குக்கு அடித்தளம் இட்டவர் பாடகர் ஜேம்ஸ் பிரௌன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1965இல் வந்த 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்', 1967இல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' ஆகிய பாடல்களிலேயே, நான்கு தட்டுகளில் முதல் தட்டின் மீது முழு எடையையும் ஏற்றி, கிடார், ஊதுகருவி என எல்லாவற்றையும் தாளக் கருவிகளைப் போலவே வாசிக்கச் செய்யும் முறை நிலைபெற்றுவிட்டது. ஸ்லையின் முதல் ஆல்பம் வந்ததோ 1967இன் பிற்பகுதியில். அப்படியிருக்க, அவரையும் முன்னோடி என்று அழைக்கிறோமே, அந்த முன்னோடித்தன்மை எதில் இருக்கிறது? 1969இல் வந்த 'ஸ்டாண்ட்!' ஆல்பத்தின் உற்சாகத்திலா, அல்லது 1971இல் வந்த 'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்' ஆல்பத்தின் இருண்ட மனநிலையிலா? இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஆழ்ந்து கேட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பழைய இசைத்தட்டு எழுதியது:

தங்கள் கேள்விக்கு என்னுடைய விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் பிரௌனின் குழு ஒரு மனிதரைச் சுற்றி அமைந்தது. அவர் கையசைத்தால் ஊதுகருவிகள் ஒலிக்கும், தவறான சுரம் விழுந்தால் வாசித்தவருக்கு அபராதம் விழும். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து பிறந்த துல்லியம் ஈடு இணையற்றது. ஸ்லையோ அதே தாள வலிமையை எடுத்துக்கொண்டு, நடுவில் நிற்கும் ஒருவரை மட்டும் நீக்கிவிட்டார். அவருடைய சிறந்த பாடல்களில் யார் முதன்மைப் பாடகர் என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு வரியை ஸ்லை தொடங்குவார், அடுத்ததை அவருடைய தம்பி ஃப்ரெடி பிடித்துக்கொள்வார், அதற்கடுத்ததை பேஸ் கிடார் வாசிக்கும் லாரி கிரகாம் தம் கனத்த குரலில் கீழே இறக்குவார், தங்கை ரோஸ் அதை மேலே தூக்கிச் செல்வார். நான்கு குரல்களும் நான்கு வேறு மனிதர்களுடையவை என்பது கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியும். எந்தக் குரலும் மற்றொன்றில் கரைந்துபோகாது.

இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தேவாலயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சில்வெஸ்டர் ஸ்டூவர்ட் என்ற இயற்பெயருடன் 1943 மார்ச் 15 அன்று டெக்சஸ் மாநிலத்தின் டென்டன் ஊரில் பிறந்த அவர், கலிஃபோர்னியாவின் வலேஹோவில் பெந்தெகொஸ்தே மரபைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தார். சிறுவராக இருந்தபோதே, 1952இல், உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து 'ஸ்டூவர்ட் ஃபோர்' என்ற பெயரில் ஒரு காஸ்பெல் (கறுப்பினத் தேவாலயப் பாடல்) இசைத்தட்டைப் பதிவு செய்தார். ஒருவர் அழைக்க மற்றவர்கள் விடையளிக்கும் அந்தப் பாடல்முறையை அவர் கடைசிவரை விடவில்லை.

அடுத்த பள்ளிக்கூடம் ஒலிப்பதிவுக்கூடமும் வானொலியும். ஆட்டம் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் தயாரிப்பாளராக அவர் பணியாற்றியபோது, 1964இல் பாபி ஃப்ரீமன் பாடிய 'கம் ஆன் அண்ட் ஸ்விம்' பெரும் வெற்றி பெற்றது. அப்போது ஸ்லைக்கு 21 வயது. அதே நிறுவனத்தில் போ பிரம்மல்ஸ் என்ற வெள்ளையர் ராக் குழுவின் பாடல்களையும் அவர்தான் தயாரித்தார். சான் பிரான்சிஸ்கோவின் கேஎஸ்ஓஎல் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தபோதோ, கறுப்பின மக்களின் சோல் இசைக்கான நிலையம் என்று பெயர்பெற்ற அந்த அலைவரிசையில் பீட்டில்ஸையும் பாப் டிலனையும் இடையிடையே ஒலிபரப்பினார். எந்த இசை யாருக்கு உரியது என்று பிறர் போட்டு வைத்திருந்த வேலியை அவர் குழு அமைப்பதற்கு முன்பே தாண்டிவிட்டார் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதற்குப் பின் அமைந்த குழுவைப் பாருங்கள். டிரம்ஸ் வாசித்த கிரெக் எரிக்கோவும் சாக்ஸபோன் வாசித்த ஜெரி மார்ட்டினியும் வெள்ளையர்கள். டிரம்பெட் வாசித்தவர் சிந்தியா ராபின்சன் என்ற கறுப்பினப் பெண். அந்நாளில் பெண்கள் குழுவின் முன்வரிசையில் நின்று பாடுவது வழக்கமாக இருந்ததே தவிர, ஊதுகருவி வாசிப்பது மிக அரிது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வதைத் தடை செய்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது 1967 ஜூன் மாதத்தில்தான். அதே ஆண்டில் இப்படியொரு குழு மேடைகளில் வாசித்துவந்தது. 1969 கோடையில் ஹார்லெம் பண்பாட்டு விழாவில் அவர்கள் வாசித்த காட்சிகள், இசைக்கலைஞர் குவெஸ்ட்லவ் இயக்கி 2021இல் வெளிவந்த 'சம்மர் ஆஃப் சோல்' ஆவணப்படத்தில் இருக்கின்றன. வெள்ளைக்கார டிரம்மரைக் கண்டு முதலில் திகைத்த கூட்டம் சிறிது நேரத்தில் என்ன ஆகிறது என்பதை அவசியம் பாருங்கள்.

1968இல் வந்த 'டான்ஸ் டு த மியூசிக்' பாடலைத்தான் நான் இந்த முறையின் முழு விளக்கமாகக் கருதுகிறேன். முதல் ஆல்பம் விற்காததால், எளிதில் மக்களைச் சென்றடையும் ஒன்றை நிறுவனம் எதிர்பார்த்த வேளையில் உருவான பாடல் அது. ஒவ்வொரு கருவியும் தான் வரப்போவதை அறிவித்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நுழைகிறது. ஒரு பாடலே தன்னைத்தானே கட்டிக்கொள்வதை மூன்று நிமிடத்தில் காதால் பார்க்கலாம். அந்தப் பாடல் வந்த பிறகு மோட்டவுன் நிறுவனத்தின் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் தம் வழியையே மாற்றிக்கொண்டார். டெம்டேஷன்ஸ் குழுவின் 'கிளௌட் நைன்' பாடலில் ஐந்து பாடகர்களும் வரிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தைக் கேட்டால், யாரிடமிருந்து கற்றார்கள் என்பது உடனே விளங்கும்.

ஆகவே என்னைப் பொறுத்தவரை, அவருடைய முன்னோடித்தன்மை முழுமையாக வெளிப்படுவது 'ஸ்டாண்ட்!' ஆல்பத்தில்தான்.


நான்காம் தந்தி எழுதியது:

பழைய இசைத்தட்டு அவர்கள் குரல்களைப் பற்றி எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். முடிவை மட்டும் ஏற்க இயலவில்லை. நான் பேஸ் கிடார் வாசிப்பவன். ஆகவே கீழிருந்து மேலாகப் பேசுகிறேன்.

1969இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்த 'எவ்ரிடே பீப்பிள்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லாரி கிரகாம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே ஒரு சுரத்தை மட்டுமே வாசிக்கிறார். மேலே குரல்களும் கார்டுகளும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளும்) மாறிக்கொண்டே இருக்க, கீழே அந்தச் சுரம் அசையாமல் நிற்கிறது. அவ்வளவு திறமை உள்ள ஒருவரை அவ்வளவு அடக்கமாக வாசிக்கச் சொல்வதற்கு, பாடல் முழுவதும் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது ஸ்லையின் மனத்தில் முன்கூட்டியே தெளிவாக இருந்திருக்க வேண்டும்.

அதே கிரகாம் சில மாதங்கள் கழித்து 'தேங்க் யூ' என்ற பாடலில் செய்ததுதான் பேஸ் கிடாரின் வரலாற்றையே இரண்டாகப் பிரித்தது. இளம் வயதில் அவர் தம் தாயாருடன் டிரம்மர் இல்லாமல் வாசித்தவர். இல்லாத டிரம்ஸின் இடத்தை நிரப்புவதற்காகப் பேஸ் டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் தந்தியை ஓங்கி அடிக்கவும், ஸ்னேர் என்ற சிறு டிரம்முக்குப் பதில் மற்றொரு விரலால் தந்தியைச் சுண்டவும் பழகினார். இன்று உலகெங்கும் 'ஸ்லாப்' என்று கற்பிக்கப்படும் முறை அதுவே. 1970 பிப்ரவரியில் அந்தப் பாடல் முதலிடத்துக்கு வந்தபோது, அந்த ஒலி முதல்முறையாக எல்லோர் காதிலும் விழுந்தது.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். 1971 ஆல்பத்தின் கடைசிப் பாடலாக அதே 'தேங்க் யூ' மீண்டும் வருகிறது. வரிகள் பெரும்பாலும் அவையே. ஆனால் வேகம் பாதியாகக் குறைந்தது போலிருக்கிறது, துள்ளல் அறவே இல்லை, கிடார் மூச்சுத் திணறுவது போல விட்டுவிட்டு ஒலிக்கிறது, ஏழு நிமிடத்துக்கும் மேலாக அது நகர மறுத்து நகர்கிறது. தாம் எழுதிய மகிழ்ச்சிப் பாடலைத் தாமே எடுத்து, ஈராண்டுக்குள் அதன் அடியில் இருந்த துயரத்தை மட்டும் பிரித்தெடுத்து வாசிக்கத் துணிந்த கலைஞர்கள் மிகக் குறைவு. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தாங்கள் கேட்ட 'உற்சாகமா, இருளா' என்ற கேள்விக்கு அந்த இரண்டு பாடல்களுக்கும் இடைப்பட்ட தொலைவைவிடச் சிறந்த விடையை என்னால் தர இயலாது.

அந்த ஆல்பம் உருவான விதமும் முக்கியமானது. எரிக்கோ 1971இல் விலகிவிட்டார். மற்றவர்கள் ஒன்றாகக் கூடி வாசிப்பது அரிதாகிவிட்டது. ஸ்லை பல கருவிகளைத் தாமே வாசித்து, ஒரே ஒலிப்பதிவு நாடாவின் மீது திரும்பத் திரும்பப் பதிந்து அழித்துப் பதிந்ததில், நாடாவே தேய்ந்து அந்த மங்கலான, இரைச்சல் படிந்த ஒலி உண்டாயிற்று. டிரம்மர் இல்லாத இடத்தில் அவர் மாஸ்ட்ரோ நிறுவனத்தின் 'ரிதம் கிங்' என்ற தாளப் பெட்டியை வைத்தார். உணவகங்களிலும் விடுதிகளிலும் தனியாக ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்ட சாதனம் அது. எந்த ஃபங்க் கலைஞரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். ஸ்லை அதன் உயிரற்ற துடிப்பை அடியில் ஓடவிட்டு, அதற்கு மேல் மனிதக் கைகளைத் தளர்வாக, சற்றே பின்தங்கி வாசிக்க வைத்தார். அப்படி உருவான 'ஃபேமிலி அஃபேர்' 1971 டிசம்பரில் முதலிடம் பிடித்தது. தாளப் பெட்டியைக் கொண்டு அந்த உயரத்தைத் தொட்ட மிகத் தொடக்ககாலப் பாடல்களில் ஒன்று அது. அதற்குப் பின் வந்த எலெக்ட்ரானிக் சோல் முழுவதற்கும், படுக்கையறையில் தனியாக அமர்ந்து எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்து ஆல்பம் செய்யும் இன்றைய தலைமுறைக்கும் அங்கேதான் வாசல் திறந்தது.

எல்லோரும் ஒன்றாக வாசிப்பது எப்படி ஒலிக்கும் என்று காட்டியவரே, எல்லோரும் விலகிய பின் ஒருவர் தனியாக அமர்ந்திருப்பது எப்படி ஒலிக்கும் என்றும் காட்டினார். ஜேம்ஸ் பிரௌன் உட்பட வேறு எவரும் இதைச் செய்யவில்லை.


இரவுப்பாடல் எழுதியது:

இசை நுணுக்கம் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஒரு வருத்தத்தை மட்டும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நான் படித்த இரங்கல் குறிப்புகளில் பாதிக்கு மேல் அவருடைய போதைப் பழக்கம், வராமல் போன கச்சேரிகள், வாகனத்திலேயே வசிக்கிறார் என்று 2011இல் வந்த செய்தி ஆகியவற்றாலேயே நிரம்பியிருந்தன. அவை பொய் என்று நான் சொல்லவில்லை. 2023இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் 2019இல் மருத்துவர்களின் எச்சரிக்கைக்குப் பின் அவர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார் என்பதையும் அதே நூலில்தான் எழுதியிருக்கிறார். எழுபது வயதைக் கடந்த ஒருவர், அரை நூற்றாண்டாகத் தம்மைப் பிடித்திருந்த ஒன்றிலிருந்து மீண்டு வந்து, பேரக்குழந்தைகளைக் கண்டு, தம் கதையைத் தாமே சொல்லி முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் ஏன் எல்லோரும் ஒரு வரியில் கடந்து செல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அவருடைய குரலை நான் மிகவும் நேசித்தேன். அவர் அமைதியாக, குடும்பத்தார் சூழ மறைந்தார் என்ற செய்தி ஒன்றே ஆறுதலாக இருக்கிறது.


தாளப்பிரியன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்காம் தந்தி அவர்கள் சொன்னபடி இரண்டு 'தேங்க் யூ' வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டேன். இரண்டாவது முடிந்த பிறகு வெகுநேரம் வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. இரவுப்பாடல் அவர்கள் எழுதியதும் மிகச் சரியானது, அந்தத் தன்வரலாற்றை இனிமேல்தான் படிக்க வேண்டும்.

தொடர்ந்து ஒன்று கேட்க விரும்புகிறேன். அவருடைய நேரடி வாரிசு என்று யாரையாவது சுட்ட முடியுமா? பாடகர் பிரின்ஸ் என்று பலரும் சொல்கிறார்கள். அது போதுமான விடைதானா?


பழைய இசைத்தட்டு எழுதியது:

பிரின்ஸ் என்பது சரியான விடைதான். ஆனால் அதற்கு முன்பே வேறு துறைகளிலும் வேர் பரவிவிட்டது. ஜாஸ் உலகில் மைல்ஸ் டேவிஸ் ஸ்லையை ஊன்றிக் கேட்டு, 1972இல் 'ஆன் த கார்னர்' ஆல்பத்தில் அந்தத் தாளத்தின் பக்கம் வெளிப்படையாகவே சாய்ந்தார். ஹெர்பி ஹான்காக் 1973இல் வெளியிட்ட 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில் ஒரு படைப்புக்கு 'ஸ்லை' என்றே பெயர் வைத்தார்; ஜாஸ் மேதை ஒருவர் தம்மைவிட இளைய ஃபங்க் கலைஞருக்குச் செய்த அந்த மரியாதை என்னை எப்போதும் நெகிழச் செய்யும். ஃபங்க் கலைஞர் ஜார்ஜ் கிளின்டன் பிற்காலத்தில் அவருடன் சேர்ந்தே பணியாற்றினார். ஹிப் ஹாப் தலைமுறையைப் பொறுத்தவரை, 'சிங் எ சிம்பிள் சாங்' பாடலில் எரிக்கோ வாசித்த டிரம்ஸ் துணுக்கு கணக்கற்ற பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' முழுவதும் ஓடிக்கொண்டிருப்பது 'தேங்க் யூ' பாடலின் கிடார்தான். 1992இல் அரெஸ்டட் டெவலப்மென்ட் குழு 'எவ்ரிடே பீப்பிள்' பாடலையே வேறொரு கதையாக மாற்றிப் பாடியது.

பிரின்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவர் ஸ்லையின் இரு பாதிகளையும் ஒன்றாகச் சேர்த்தவர் என்று சொல்வேன். எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்து ஒலிப்பதிவுக்கூடத்தில் தனித்திருந்த மனிதரும் அவரே; ஆண்களும் பெண்களும் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்த 'த ரெவல்யூஷன்' குழுவை மேடையில் நிறுத்தியவரும் அவரே. பிற்காலத்தில் லாரி கிரகாம் பிரின்ஸுடன் நெருங்கிப் பழகி ஒரே மேடையில் வாசித்தார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நான்காம் தந்தி அவர்களுக்கு ஒரு வார்த்தை. 1971 ஆல்பத்தின் மேன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தனிமையின் ஆல்பம் என்று மட்டும் சொல்லிவிட்டால், 'ஃபேமிலி அஃபேர்' பாடலில் பல்லவியைப் பாடுபவர் அவருடைய தங்கை ரோஸ் என்பதும், எலெக்ட்ரிக் பியானோ வாசித்தவர் பில்லி பிரெஸ்டன் என்பதும், கிடாரில் பாபி வோமக் இருந்தார் என்பதும் மறைந்துபோகின்றன. தளர்ந்த குரலில் ஸ்லை சரணத்தை முணுமுணுக்கும்போது, பல்லவியில் ரோஸின் குரல் வந்து அவரைத் தாங்கிக்கொள்கிறது. அழைப்பும் விடையும் என்ற தேவாலயப் பழக்கம் அங்கேயும் அறுபடவில்லை.


நான்காம் தந்தி எழுதியது:

தாங்கள் சொன்னது நியாயம். ரோஸின் குரல் இல்லாமல் அந்தப் பாடலைக் கற்பனை செய்யவே முடியாது. 'தனியாக' என்ற என் சொல்லைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன், ஆயினும் என் தரவரிசையை மாற்றப் போவதில்லை.

தாளப்பிரியன் அவர்களே, இந்த இரண்டு ஆல்பங்களில் எது என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டு, 1973இல் வந்த 'ஃப்ரெஷ்' ஆல்பத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். கிரகாம் 1972இல் விலகிய பிறகு வந்த ரஸ்டி ஆலன்தான் அதில் இருக்கும் 'இஃப் யூ வாண்ட் மீ டு ஸ்டே' பாடலில் பேஸ் வாசிக்கிறார் என்பது என் காதுக்கு ஐயமில்லை. அங்கே ஸ்லாப் கிடையாது, ஒரே சுரத்தில் நிற்பதும் கிடையாது. பேஸ் கிடார் முதல் நொடியிலேயே நடக்கத் தொடங்கி, குரலுக்கு இணையான இன்னொரு மெட்டாகவே பாடல் முழுவதும் சென்றுகொண்டிருக்கிறது. டிரம்ஸில் ஆண்டி நியூமார்க் வாசிப்பது அவ்வளவு உலர்ந்ததாக, அவ்வளவு சிக்கனமாக இருக்கும். இருளுக்குப் பின் அவர் வெளிச்சத்துக்குத் திரும்பினார் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே பாடலுக்குள் இருக்கும் நிலைக்கு வந்துவிட்டார். நல்ல ஹெட்ஃபோனில், பேஸ் ஒலியை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறையும், குரலை மட்டும் பின்தொடர்ந்து இன்னொரு முறையும் கேட்டுவிட்டு, 'ஸ்டாண்ட்!' பக்கம் சேர்கிறீர்களா, 'ரயட்' பக்கம் சேர்கிறீர்களா என்பதை இங்கே எழுதுங்கள்.